மூன்றாம் அடுக்கிலும் நம் அணிதான்



"நம் ஊர், நம் நினைவு" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன் பேசிய ஐயா தண்ணீர்மலையைப் பற்றிப் பேசினார். அம்மையார் குவின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலைப் பற்றிப் பேசினார்கள். நான் டத்தோ கிராமாட் சாலைக்கு உங்களை அழைத்துப் போகிறேன். சிட்டி ஸ்டேடியத்தைப் பற்றியும், அங்கே நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஆடும் பினாங்கு அணியைப் பற்றியும் பேசப் போகிறேன். அந்த அணி கிண்ணம் தூக்கிய நாட்களைப் பற்றிப் பேச ஊரில் ஆள் நிறைய உண்டு. அது சரிந்து விழுந்து, இரண்டாம் அடுக்கிலும் மூன்றாம் அடுக்கிலும் ஆடிய நாட்களைப் பற்றி யார் பேசுவது? நான் பேசுகிறேன். ஏனென்றால், எனக்கு மறக்க முடியாத ஆட்டங்கள் பெரும்பாலும் அந்தக் காலத்து ஆட்டங்கள்தான்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. மலாயாக் கிண்ணப் போட்டி 1921ல் தொடங்கியது. நம் பினாங்கு காற்பந்துச் சங்கத்துக்கும் அதே வயது. 1953, 1954, 1958 ஆகிய ஆண்டுகளில் அந்தக் கிண்ணத்தை நாம் வென்றோம். அது மலேசியக் கிண்ணம் ஆன பிறகு, 1974ல் பேராக்கை 2–1 என்று வீழ்த்தி நான்காவது முறையாக வென்றோம். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கையோடு வந்து வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருவார். மலாய் வர்ணனையை அவர் தமிழில் எங்களுக்குச் சொல்வார். அவர் சொன்ன பெயர்கள் இன்றைக்கும் எனக்கு மந்திரம் போல: ஷஹாருடின் அப்துல்லா, நமாட் அப்துல்லா, இசா பக்கார், அலி பக்கார். ஷஹாருடினும் நமாட்டும் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நாட்டுக்காக ஆடியவர்கள். நம் ஊர்க்காரர்கள், நாம் நடக்கும் தெருவில் நடந்தவர்கள், ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3–0 என்று தோற்கடித்த அணியில் இருந்தார்கள். தம்பிமார்களே, இதை உங்களுக்கு யாராவது சொன்னார்களா?

1977 இறுதியாட்டம் வேறு கதை. மெர்டேக்கா அரங்கத்தில் சிங்கப்பூர். கூடுதல் நேரத்துக்குப் போய், குவா கிம் சோங் போட்ட கோலில் 3–2 என்று தோற்றோம். அப்பா வானொலியை நிறுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்க் குளித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அன்றிரவு வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஒரு பந்தாட்டத்துக்கு இவ்வளவா என்று அம்மா கேட்கவும் இல்லை. அவருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு லீக் பட்டம் 1982ல் வந்தது. 1998ல் வந்தது. 2001ல் வந்தது. 2002ல் எஃப்.ஏ. கிண்ணத்தை, மறுபடியும் பேராக்கை 1–0 என்று வென்று எடுத்தோம். தொண்ணூறுகளில் மொரோக்கோவிலிருந்து வந்த மெர்ஸாகுவா அப்துரசாக்கை இந்த ஊர்ப் பிள்ளையாகவே நினைத்தோம். சிட்டி ஸ்டேடியத்தில் கூட்டம் ஒன்றாக எழுந்து எழுப்பும் ஒலிக்கு "கிராமாட் ரோர்" என்று நாடு முழுக்கப் பெயர் உண்டு. ஒரு பக்கத்தில் தொடங்கும், அரங்கத்தைச் சுற்றி வரும். வந்த அணியின் கோல் காவலர் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே பார்ப்பார். சிலாங்கூர் வந்திருக்கும்போது நம் ஆர். ஆறுமுகம் அந்தக் கம்பத்தடியில் நிற்பார். நீளமான கை. "ஸ்பைடர்மேன்" என்று நாடே கூப்பிட்ட மனிதர். அவரைத் தோற்கடிக்க வேண்டும் என்று கத்துவோம். அவர் ஒரு பந்தைப் பறந்து தட்டிவிட்டால், நம் தமிழன் தட்டிவிட்டான் என்று உள்ளுக்குள் பூரிப்போம். 1988 டிசம்பரில் சாலை விபத்தில் அவர் இறந்தபோது பினாங்கு ரசிகர்களும் அழுதோம்.

இந்தப் பெருமைகளை வேகமாகச் சொல்லிவிட்டேன். வேண்டுமென்றேதான். இவை புத்தகத்தில் இருக்கின்றன, சங்கத்தின் சுவரில் படமாக மாட்டியிருக்கின்றன. நான் பேச வந்தது அதற்கப்புறம்.

2004ல் நாட்டின் லீக் அமைப்பு மாறியது. மேலே சூப்பர் லீக், அதற்குக் கீழே பிரீமியர் லீக், அதற்கும் கீழே எஃப்.ஏ.எம். லீக். 2010 பருவத்தின் முடிவில் பினாங்கு சூப்பர் லீக்கிலிருந்து இறங்கியது. சரி, ஒரு வருஷத்தில் ஏறிவிடுவோம் என்றோம். ஏறவில்லை. 2012ல் இன்னொரு படி இறங்கியது. நான்கு முறை மலேசியக் கிண்ணம் வென்ற அணி, ஒலிம்பிக் வீரர்களைத் தந்த அணி, மூன்றாம் அடுக்கில் நின்றது.

அப்போது ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே, "இன்னும் அதையா பாக்குற? லிவர்பூல் ஆட்டம் பாரு, மான்செஸ்டர் ஆட்டம் பாரு" என்றார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் நண்பர்கள், என் அண்ணன் தம்பிகள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். லிவர்பூல் தோற்றால் உங்கள் தெருவில் யாருக்கு என்ன? அந்த ஆட்டக்காரர் நாளைக் காலையில் உங்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்து நாசி கண்டார் சாப்பிடுவாரா? அவருடைய அக்கா உங்கள் மகளோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்வாரா? பினாங்கு அணியின் பையன் அப்படி இருந்தான். அவன் தலை குனிந்து போவதை நாம் நேரில் பார்த்தோம். அதனால்தான் அவனை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

2013. மூன்றாம் அடுக்கு ஆட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தொலைக்காட்சி வண்டி வராது. பத்திரிகையில் நாலு வரி வந்தால் பெரிது. வெளியூர் ஆட்டம் என்றால் ஆதரவாளர்கள் காசு போட்டு ஒரு வேன் பிடிப்போம். சில திடல்களில் ஒரு பக்கம்தான் கூரை இருக்கும், மறுபக்கம் புல்மேடு. அங்கே போய் நாங்கள் ஒரு கொத்தாக நிற்போம்: மலாய்க்காரப் பக்சிக் ஒருவர், ஜெலுத்தோங்கிலிருந்து வரும் சீன அங்கிள் ஒருவர், அவர் பேரன், ஆயர் ஈத்தாம் பையன்கள், நான். நான்கு மொழியில் கத்துவோம். முழக்கம் மட்டும் எல்லாருக்கும் ஒன்று: "ஹரியா பினாங்கு!"

கூட்டம் குறைவு என்பதால் அங்கே எல்லாமே காதில் விழும். பெரிய அரங்கத்தில் பந்தை உதைக்கும் சத்தம் கேட்காது, கூட்டத்தின் சத்தம் அதை விழுங்கிவிடும். இங்கே காலணி பந்தில் படுகிற "டப்" என்ற ஒலி கேட்கும். கோல் காவலர் "கெலுவார், கெலுவார்" என்று தற்காப்பு ஆட்டக்காரர்களை முன்னே விரட்டுவது கேட்கும். ஒருவன் முழங்கால் மடங்கி விழுந்தால் அவன் வாயிலிருந்து வரும் முனகல் கேட்கும். பயிற்றுநர் யாரைத் திட்டுகிறார், யாரை "நல்லா ஓடுற, விடாதே" என்று தட்டிக்கொடுக்கிறார், எல்லாம் கேட்கும். நாம் கத்துவதும் அவனுக்குக் கேட்கும். ஒரு பையன் எல்லைக்கோட்டுப் பந்தை எடுக்க எங்கள் பக்கம் வந்தபோது, பக்சிக் அவன் பெயரைச் சொல்லி, "உன் பின்னால் நாங்கள் இருக்கிறோம்" என்று மலாயில் சொன்னார். அவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி எங்களைப் பார்த்தான். தலையை மட்டும் ஆட்டினான். எண்பதாயிரம் பேர் கூடும் அரங்கத்தில் அந்த ஒரு தலையாட்டு யாருக்குக் கிடைக்கும்?

அந்த ஆண்டே மேலே ஏறினோம். 2014ல் பிரீமியர் லீக்கில் ஆடினோம். ஏறிய அன்று ஊர்வலமெல்லாம் இல்லை. மூன்றாம் அடுக்கிலிருந்து இரண்டாம் அடுக்குக்குப் போனதற்கு எந்த ஊரில் ஊர்வலம் விடுவார்கள்? ஆனால் பெரியோர்களே, 1998 லீக் பட்டத்துக்கு நான் துள்ளியதைவிட அன்று அதிகமாகத் துள்ளினேன். பட்டம் வென்றபோது ஊரே என்னோடு துள்ளியது. 2013ல் துள்ளியவர்களின் முகங்களையெல்லாம் எனக்குத் தெரியும்.

2015ல் பிரேசிலைச் சேர்ந்த ஜாக்சன் தியாகோ பயிற்றுநராக இருந்தார். அந்த ஆண்டு இரண்டாம் அடுக்கில் கெடா முதலிடம், நாம் இரண்டாமிடம். இரண்டு அணியும் சேர்ந்தே சூப்பர் லீக்குக்குப் போயின. வடக்கில் கெடா–பினாங்கு ஆட்டம் என்றால் அது உறவுக்காரச் சண்டை. பச்சையும் மஞ்சளும் உடுத்திய கெடாக்காரர்கள் பாலம் தாண்டி வருவார்கள். அதில் பாதிப் பேர் பினாங்கிலேயே வேலை பார்ப்பவர்கள். திங்கட்கிழமை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒரே மேசையில் உட்கார வேண்டியவர்கள், சனிக்கிழமை ராத்திரி எதிரெதிர்ப் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். இரண்டாம் அடுக்கு ஆட்டம்தான். ஆனால் அன்று டத்தோ கிராமாட் சாலையில் கார் நகராது. மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நடைபாதை முழுக்க நிறுத்தியிருப்பார்கள். மழை வருமா வராதா என்று எல்லாரும் கொடிமலைப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கச்சாங் பூத்தே விற்கும் நம் ஆட்களுக்கு அன்று நல்ல வியாபாரம்.

இப்போது நீங்கள் எல்லாரும் எதிர்பார்க்கும் ஆட்டத்துக்கு வருகிறேன். 2016 பிப்ரவரி 16. செவ்வாய்க்கிழமை. மேலே ஏறிய பருவத்தின் தொடக்கம். எதிரணி பகாங். 2013லும் 2014லும் மலேசியக் கிண்ணம் வென்ற பகாங். வேலை நாள் என்பதால் நேராக வேலையிடத்திலிருந்து வந்தவர்கள் நிறைய, சீருடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்று 4–1 என்று வென்றோம். அந்த நாலு கோலில் ஒன்றைத்தான் உலகம் பார்த்தது.

நம் ஆட்டக்காரர் பைஸ் சுப்ரிக்குத் தனி உதை. கோலிலிருந்து ஏறத்தாழ 35 மீட்டர். அவ்வளவு தூரத்திலிருந்து நேராக அடிப்பார் என்று எங்கள் பக்கம் யாரும் நினைக்கவில்லை. உயரமாகத் தூக்கிப் போடுவார், யாராவது தலையால் முட்டுவார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். பைஸ் சுப்ரி பந்தை வைத்தார், பின்னால் போனார், வந்தார், உதைத்தார். பந்து ஒரு பக்கமாகப் போனது. கோல் காவலர் அந்தப் பக்கம் நகர்ந்தார். பாதி வழியில் அது மனம் மாறியது. அப்படித்தான் சொல்ல வேண்டும், வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மறுபக்கமாக வளைந்து, கோல் காவலர் திரும்புவதற்குள் மேல் மூலையில் போய் வலையில் விழுந்தது.

ஏன் அப்படி நடக்கிறது என்று விஞ்ஞானம் படித்தவர்கள் சொல்வார்கள். பந்து நன்றாகச் சுழன்று போனால் ஒரே பக்கமாக வளையும், அதைக் கோல் காவலர் கணக்குப் போட்டுவிடலாம். சுழற்சி மிகக் குறைவாக இருந்தால், தையலும் மேடுபள்ளமும் காற்றை ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் பிரிக்கும். பந்து எந்தப் பக்கம் இழுபடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொண்டது பின்னால். அன்று அந்த நொடியில் அரங்கத்தில் முதலில் சத்தமே வரவில்லை. ஒரு மூச்சு நேரம் எல்லாரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். பிறகு வந்தது பாருங்கள் கிராமாட் ரோர்! முன்பின் தெரியாத ஒரு சீனப் பெரியவர் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். அவர் ஹொக்கியனில் ஏதோ சொன்னார், நான் தமிழில் ஏதோ சொன்னேன், இருவருக்கும் புரிந்தது.

அந்தக் கோல் சூரிக் வரை போனது. புஸ்காஸ் விருது என்பது ஒவ்வோர் ஆண்டும் உலகத்தில் அடிக்கப்பட்ட கோல்களில் மிக அழகானதற்கு ஃபிஃபா கொடுக்கும் விருது. ஹங்கேரியின் மாபெரும் ஆட்டக்காரர் ஃபெரென்க் புஸ்காஸ் பெயரில் 2009லிருந்து கொடுக்கிறார்கள். கிறிஸ்டியானோ ரொனால்டோ வாங்கியிருக்கிறார், நெய்மார் வாங்கியிருக்கிறார், இப்ராஹிமோவிச் வாங்கியிருக்கிறார். 2016ஆம் ஆண்டுக்கான விருது 2017 ஜனவரி 9 அன்று சூரிக் விழாவில் அறிவிக்கப்பட்டது. வாக்களித்த மக்களில் 59.46 விழுக்காட்டினர் பைஸ் சுப்ரியைத் தேர்ந்தெடுத்தார்கள். பிரேசிலின் கொரிந்தியன்ஸ் அணி மார்லோன் இரண்டாவது, வெனிசுலாவின் இளம்பெண் டானியுஸ்கா ரோட்ரிகஸ் மூன்றாவது. பிரேசிலின் பழைய சூரர் ரொனால்டோ கையால் கெடா மாநிலத்து ஆயர் ஈத்தாமில் பிறந்த பிள்ளை விருதை வாங்கினார். ஆசியாவிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான். மேடையில் கைப்பேசியை எடுத்து, எழுதி வைத்திருந்த உரையைத் தேடினார். கை தடுமாறியது. உலகத்தின் பெரிய பெரிய ஆட்டக்காரர்களெல்லாம் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்து என் வீட்டில் எல்லாரும் கண் கலங்கினோம். நம் வீட்டுப் பிள்ளை பெரிய சபையில் நின்றால் அப்படித்தானே நிற்பான்?

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் சினிமாவாக இருந்திருக்கும். அப்படி முடியவில்லை. 2017 ஜனவரியில் உலகத்தின் மிக அழகான கோலுக்குச் சொந்தக்கார அணி. அதே 2017 பருவத்தின் முடிவில் சூப்பர் லீக்கில் கடைசி இடம். மறுபடியும் இறக்கம். சூரிக் விழாவுக்கு மேளம் கொட்டிய கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடைசி ஆட்டங்களில் அரங்கத்தில் மறுபடியும் பழைய முகங்கள்: பக்சிக், அங்கிள், இப்போது மீசை முளைத்துவிட்ட அவர் பேரன். ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம். அவ்வளவுதான்.

2018ல் பிரீமியர் லீக்கில் எனக்கு வேறொரு சோதனை வந்தது. அதை இந்த மேடையில்தான் சொல்ல முடியும், வேறு மேடையில் புரியாது. அந்த ஆண்டு அதே லீக்கில் மிஃபா ஆடியது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணி. 2016ல் மூன்றாம் அடுக்கில் முதலிடம் பெற்று மேலே வந்த அணி. நம் பிள்ளைகளுக்கு லீக் ஆட்டத்தில் இடம் வேண்டும் என்று நம்மவர்கள் உருவாக்கிய அணி. அந்த அணிக்கும் பினாங்குக்கும் ஆட்டம். நான் எந்தப் பக்கம் உட்காருவது?

வீட்டில் மகன் கேட்டான், "அப்பா, இன்னிக்கு நீங்க யாரு?" நான் நீலச் சட்டையைத்தான் எடுத்துப் போட்டேன். ஏன் என்று சொல்கிறேன். என் தாத்தா கப்பலில் வந்து இறங்கிய மண் இது. அப்பா மூட்டை தூக்கிய துறைமுகம் இது. பினாங்கு அணி மலாய்க்காரர் அணியும் இல்லை, சீனர் அணியும் இல்லை. அதில் எனக்கு உள்ள பங்கை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் மிஃபா பையன் ஒருவன் எங்கள் பக்கம் ஓடி வந்து ஒரு நல்ல பந்து போட்டபோது, நீலச் சட்டையோடு எழுந்து கை தட்டினேன். பக்கத்திலிருந்த பக்சிக் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு அவரும் தட்டினார்.

மிஃபா அதன் பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி, 2019லிருந்து சூப்பர் லீக்கிலேயே ஆடியது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களை நம்பாமல் உள்நாட்டுப் பிள்ளைகளை வைத்து ஆடிப் பார்த்தார்கள். 2022 பருவத்தோடு அந்த அணி லீக்கை விட்டு விலகியது. எனக்கு இன்றைக்கும் அது ஆறாத வருத்தம். அணி என்பது பணக்காரர் ஒருவர் தாங்கும் வரை நிற்பது என்று இருந்தால், அவர் கையை எடுத்த மறுநாள் அது விழும். ஆயிரம் பேர் வாரா வாரம் வந்து உட்கார்ந்து தாங்கினால் அதை மூடுவது அவ்வளவு சுலபமா? நாம் அந்த அணிக்கு எத்தனை பேர் போனோம்? பேச்சு மேடைகளில் வாழ்த்தினோம், மாலை போட்டோம். ஆட்ட நாளில் அரங்கத்தில் இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. இதைக் கோபமாகச் சொல்லவில்லை, வலியோடு சொல்கிறேன்.

2020க்கு வருவோம். பருவம் தொடங்கிச் சில ஆட்டங்கள்தான் ஆகியிருந்தன. மார்ச் 18 அன்று கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஊர் அடங்கியது. ஆகஸ்டில் லீக் மறுபடி தொடங்கியபோது, ஒரே சுற்று, மொத்தம் 11 ஆட்டம் என்று சுருக்கினார்கள். பார்வையாளருக்கு அனுமதி இல்லை. மன்சூர் அஸ்விரா பயிற்றுவித்த நம் அணி அந்த ஆண்டு இரண்டாம் அடுக்கில் முதலிடம் பெற்றது. மறுபடியும் சூப்பர் லீக். அதைப் பார்க்க அரங்கத்தில் ஆதரவாளர் ஒருவரும் இல்லை. நான் வீட்டில் கைப்பேசித் திரையில் பார்த்தேன். காலணி பந்தில் படுகிற அந்த "டப்" ஒலி திரையிலிருந்து கேட்டது. கோல் காவலரின் கூவல் கேட்டது. 2013ல் புல்மேட்டில் நின்று கேட்ட அதே சத்தங்கள். ஆனால் நாங்கள் அங்கே இல்லை. பையன்கள் கோல் போட்டுவிட்டுப் பழக்கத்தில் ரசிகர் பக்கம் ஓடினார்கள். ஓடிப் பாதியில் நின்றார்கள். அங்கே வெறும் சிமெண்ட் படிகள்.

அந்தப் படிகளைத் திரையில் பார்த்த அன்று எனக்கு ஒன்று உறைத்தது. நாம்தான் அணியைத் தேடிப் போகிறோம் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவர்களும் நம்மைத் தேடித்தான் ஓடி வருகிறார்கள். 2021ல் சூப்பர் லீக்கில் மூன்றாமிடம் பிடித்தோம். மூன்றாம் அடுக்கில் நின்ற அணி எட்டே ஆண்டில் நாட்டின் மூன்றாவது சிறந்த அணி. அடுத்த 2022ல் கடைசி இடம். அவ்வாண்டோடு லீக் அமைப்பே மாறியதால் இறக்கம் இல்லாமல் போனது. நம் அணி இப்படித்தான். நிம்மதியாக ஒரு வருஷம் இருக்க விடாது.

இப்போது உங்களிடம் ஒரு விண்ணப்பம். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

நம் பெரியவர்களில் பலர் செபராங் பிறையில் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் என்றால் கோயில் இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும், கள்ளுக்கடை இருக்கும், ஒரு திடல் இருக்கும். வேலை முடிந்து சாயங்காலம் காலணி இல்லாமல் ஆடிய பந்து அங்கே. தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்டம் நடக்கும். லாரியில் ஏறிப் போவார்கள். நிலம் கைமாறி, தோட்டம் போனபோது கோயிலுக்காகப் போராடினோம், பள்ளிக்காகப் போராடினோம், சரி. திடல் போனதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. பத்து கவானில் இன்றைக்கு 40,000 பேர் உட்காரும் மாநில அரங்கம் நிற்கிறதே, அந்த வட்டாரமே ஒரு காலத்தில் தோட்டக்காடு. அந்த மண்ணில் நம் தாத்தா பாட்டிகளின் வியர்வை இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இப்போது பந்து ஆட ஒரு புல்தரை எங்கே? ஆட இடமில்லாத பிள்ளை திரையில் பார்த்துக்கொண்டுதான் உட்காருவான். அவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

ஆகவே இந்த மன்றத்தின் பொறுப்பாளர்களைக் கேட்கிறேன். ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குத் திருக்குறள் போட்டி நடத்துகிறீர்கள், கட்டுரைப் போட்டி நடத்துகிறீர்கள். நல்ல காரியம், நடத்துங்கள். அதோடு, பருவத்தில் ஒரு நாளாவது ஒரு பேருந்து பிடித்து, அந்தப் பிள்ளைகளை சிட்டி ஸ்டேடியத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். பேருந்துச் செலவில் என் பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன். கூரை உள்ள நல்ல இருக்கை வேண்டாம். திறந்த படிகளில் உட்கார வையுங்கள். மழை வந்தால் நனையட்டும். கச்சாங் பூத்தே பொட்டலம் வாங்கிக் கொடுங்கள். பக்கத்தில் மலாய்ப் பிள்ளை உட்காருவான், சீனப் பிள்ளை உட்காருவான், எந்தப் பாடமும் நடத்த வேண்டாம். பெண் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். சூரிக் மேடையில் மூன்றாவதாக வந்த டானியுஸ்கா பதினேழு வயதுக்குட்பட்டோர் போட்டியில்தான் அந்தக் கோலைப் போட்டார்.

பின்சுவரில் நிற்கும் தம்பிமார்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. லிவர்பூலைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நள்ளிரவில் வரும். நம் ஆட்டம் அதற்கு முன்பே முடிந்துவிடும். டிக்கெட் விலை ஒரு சினிமாவுக்கு ஆகும் காசுதான். அணி தோற்றுக்கொண்டிருக்கும் பருவமாகப் பார்த்து வாருங்கள், அப்போதுதான் எங்களுக்கு ஆள் தேவை. டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் வந்து, நீலச் சட்டை போட்ட நரைத்த தலைகள் எங்கே உட்காருகின்றன என்று கேளுங்கள், யாரும் கையைக் காட்டுவார்கள். பக்சிக்கும் வருவார், அங்கிளும் வருவார். முழக்கம் தெரியாவிட்டால் பரவாயில்லை, முதல் பாதி முடிவதற்குள் பழகிவிடும்.

செயலாளர் மணியைக் காட்டுகிறார்.  ஹரியா பினாங்கு!